கரைவழி நடந்தோர்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், மலைச்சரிவும் கடலும் நெருக்கியடிக்கும் இடத்தில், ஐந்து சிறு கிராமங்கள் உள்ளன. மொன்தெரோசோ, வெர்னாசா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே என்பன அவற்றின் பெயர்கள். ஐந்தையும் சேர்த்துச் 'சிங்க்வே தெர்ரே' என்பர். 'ஐந்து நிலங்கள்' என்பது அதன் பொருள். ஐந்திணை கற்ற தமிழருக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. ஊருக்கு ஊர் செல்லும் ஒற்றையடிப் பாதைகளே இக்கிராமங்களின் புகழுக்குக் காரணம். 1997இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது.

ஐரோப்பாவில் வாழும் நம்மவர் பலர் இன்று விடுமுறைக்கு அங்கே சென்று நடக்கின்றனர். அண்மையில் அவ்வாறு சென்றுவந்த ஒரு தம்பதியர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தனர். இருவரும் எங்கள் கனகராயன்குளத்தைச் சேர்ந்தவர்கள். "கடற்கரைக் கிராமங்களினூடாகக் கணவனும் மனைவியும் நாட்கணக்கில் நடந்துபோகும் வழக்கம் எங்கள் மண்ணில் இருந்ததா?" என்று கேட்டிருந்தனர். இருந்தது. அந்த வரலாற்றையே இங்கு எழுத முனைகிறேன்.

கனகராயன்குளம் கடற்கரைக் கிராமமன்று. ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், வயலும் காடும் சூழ அமைந்த ஊர். ஊரின் பெயரைத் தாங்கிய கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிறைத்து, அப்பால் கடல்நீரேரியைச் சேர்கிறது. ஆயினும் இவ்வூரவர் கரைவழி அறியாதவர்களல்லர். மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வணங்கி, முள்ளியவளை தாண்டினால் நந்திக்கடலோரம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவில் வந்துவிடும். உப்புநீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுக்கு அவ்வழியே நடந்துபோவது வன்னி மக்களின் வழமை. பொங்கல் முடிந்ததும் பெரும்பாலோர் வீடு திரும்புவர். சிலர் மட்டும் திரும்பார். அவர்கள் கதிர்காம யாத்திரிகர்கள்.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, வற்றாப்பளை, கொக்கிளாய், புல்மோட்டை வழியாகத் திருகோணமலை. அங்கிருந்து மூதூர், வெருகல், வாகரை. பின்னர் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை. அதன்பின் குமண, யால காடுகளைக் கடந்து மாணிக்க கங்கைக் கரை. இலங்கையின் கிழக்குக் கரையை ஏறத்தாழ முழுமையாக அளந்துவிடும் இந்த நடைக்கு ஒன்றரை மாதத்துக்கும் மேல் செல்லும்.

இதனைப் பாதயாத்திரை என்கிறோம். விடுமுறை என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் சிந்தித்துப் பார்த்தால், வயலும் மாடும் அடுப்புமாக வாழ்ந்த ஒரு தம்பதியர் அவை அனைத்தையும் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒன்றாகப் புறப்பட்ட நெடும்பயணம் வாழ்நாளில் இது ஒன்றே. என் அம்மம்மாவும் தாத்தாவும் 1960களில் ஒருமுறை அவ்வாறு சென்றனர். கடைசி மகளின் கலியாணம் முடிந்து, சிறுபோக வேலை மருமக்களின் கைக்கு மாறிய ஆண்டு அது. ஒரு செம்பு, மாற்றுத்துணி, கொஞ்சம் அரிசி, பினாட்டு, திருநீற்றுப் பை என்பவையே மூட்டை. வழியில் யாத்திரிகர் ஒருவரையொருவர் 'சாமி' என்றே விளிப்பது மரபு. வீட்டில் 'இஞ்சருங்கோ' என்று மட்டுமே அழைத்துப் பழகிய அம்மம்மா, அந்த ஒன்றரை மாதமும் தாத்தாவைச் 'சாமி' என்றாராம். தாத்தாவும் அவரை அவ்வாறே அழைத்தாராம். "அப்பதான் அவரோடை ஆறுதலாக் கதைச்சனான்" என்று அம்மம்மா பிற்காலத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த நடைக்கு எழுத்துச் சான்றுகளும் உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காம வழிபாடு பற்றிய தமது கட்டுரையில், 1830களில் தம் பாட்டியார் வெறுங்காலுடன் கதிர்காமம் சென்று திரும்பியதைப் பதிவு செய்துள்ளார். நோயுற்றிருந்த தம் குழந்தை பிழைக்கவேண்டும் என்ற நேர்த்திக்காக அவர் நடந்தார். அக்குழந்தையே பின்னாளில் சட்டநிரூபண சபை உறுப்பினராக விளங்கிய சேர் முத்து குமாரசுவாமி. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையாரும் அவரே. கொழும்பின் செல்வந்தக் குடும்பத்துப் பெண்மணியும் வன்னியின் கமக்காரப் பெண்ணும் ஒரே விதமாக நடந்த வழி இது.

ஆங்கிலேய ஆட்சியாளர் இந்த நடையை ஐயத்துடனேயே நோக்கினர். கூட்டத்தோடு கொள்ளைநோயும் பரவும் என்பது அவர்களின் அச்சம். ஆகவே யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்த லியனாட் வூல்ஃபும் கதிர்காமத் திருவிழா ஒழுங்குகளை மேற்பார்வை செய்தவர்தான்.

இத்தாலியப் பாதையோடு ஒப்புநோக்க ஓர் ஒற்றுமை தென்படுகிறது. ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான ஒரு பாதைக்குக் 'காதல் வழி' என்று பெயர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் புகையிரதப் பாதை வேலைகளோடு உருவான பாதை அது. பிரிந்து கிடந்த இரு ஊர்களின் இளையோர் அங்கே சந்தித்ததால் அப்பெயர் வந்தது என்பர். நம் கரைவழியின் முடிவிலும் ஒரு காதல் வழி உண்டு. கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவின் ஒவ்வோர் இரவும் பேழை யானைமீதேறி வள்ளியம்மன் கோவிலுக்குப் போகிறது. முருகன் வள்ளியைக் காணச் செல்லும் அச்சிறு தெருவைப் பார்ப்பதற்கே இத்தனை ஊர்களையும் கடந்து மக்கள் நடந்தனர்.

வேற்றுமை வேறோரிடத்தில் இருக்கிறது. சிங்க்வே தெர்ரேயின் கரையோரப் பாதையில் நடக்க இன்று கட்டணம் செலுத்தி அட்டை பெறவேண்டும். நம் கரைவழியிலோ யாத்திரிகர் காசு கொண்டுபோனதில்லை. கோவில் மண்டபத்தில் படுக்கை, ஊரவர் வார்க்கும் கஞ்சி, தண்ணீர்ப்பந்தலில் மோர். வழியிலுள்ள ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்தனர். தெற்கே செல்லச் செல்லச் சிங்களவரும் உடன்சேர்ந்தனர். கதிர்காம வளாகத்தில் பள்ளிவாசலும் உண்டு. யாத்திரிகர் நடந்ததனால் ஊர்கள் ஒன்றையொன்று அறிந்திருந்தன. கொக்கிளாயில் யாருடைய வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது என்பது கனகராயன்குளத்துக் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிமுகத்தைப் போர் அறுத்தது. 1983க்குப் பின் வடக்கிலிருந்தான நடை குலைந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கரைவழியின் ஒரு கண்ணி அங்கே கழன்றது. 1980களின் பிற்பகுதியில் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் உள்ளிட்ட அடியார்கள் கிழக்கில் நடையை மீளத் தொடக்கினர். ஆயினும் வன்னி துண்டிக்கப்பட்டே இருந்தது. 1997 மே மாதம் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியபின் கனகராயன்குளம் மக்களும் மூட்டை முடிச்சோடு நடந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தழித்தது. 2009இல் வற்றாப்பளைக்கு எதிரேயுள்ள நந்திக்கடலின் நீரில் இறங்கி மக்கள் நடந்ததை உலகம் அறியும்.

இதனாலேயே வன்னியில் 'நடந்தோம்' என்ற சொல்லுக்கு இன்று வேறு பொருள். எங்கள் தலைமுறைக்கு நடை என்றால் இடப்பெயர்வு. இரண்டு நடையிலும் மூட்டை ஒன்றே, வெயிலும் ஒன்றே. யாத்திரிகருக்குத் தாம் திரும்பிவரும் வீடு அங்கேயே இருக்கும் என்பது தெரியும். இடம்பெயர்ந்தவருக்கு அது தெரியாது.

போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து வேல் தாங்கிய நடை மீண்டும் புறப்படுகிறது. கொக்கிளாய்ப் பக்கத்து மக்களும் தம் ஊர்களுக்குத் திரும்பியுள்ளனர். காணிப் பிரச்சினைகள் மட்டும் தீர்ந்தபாடில்லை. ஆனால் ஆண்டுதோறும் கதிர்காமம் நடக்கும் ஆயிரக்கணக்கானோரில் மிகப் பலர் உகந்தைவரை வாகனத்தில் வந்து, காட்டுவழியை மட்டுமே நடக்கின்றனர். அதில் குறைகாண ஏதுமில்லை. ஆயினும் உகந்தைக்கு வடக்கேயுள்ள கிராமங்கள் காத்திருக்கின்றன.

பாதையை மறித்துவிட்டால் பின்னர் திறப்பது எளிதன்று. பாறை சரிந்து 2012இல் மூடப்பட்ட இத்தாலியக் 'காதல் வழி' மீளத் திறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அங்கே அதற்கு அரசும் பொறியியலாளரும் பெருந்தொகைப் பணமும் இருந்தன. நம் கரைவழிக்குக் கொங்கிறீற்றோ விடுதிகளோ வேண்டியதில்லை. நடப்பவர் வேண்டும். தண்ணீர் வார்க்க வாசலில் ஒருவர் வேண்டும். அவர் தம் சொந்தக் காணியில் அச்சமின்றி நிற்கவும் வேண்டும்.

கடிதம் எழுதிய தம்பதியருக்கும், அவர்போல் விடுமுறைக்கு வழிதேடும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த வைகாசியில் வற்றாப்பளைக்கு வாருங்கள். பொங்கல் முடிந்ததும் வீடு திரும்பாமல் தெற்கே முகம்வைத்துக் கொக்கிளாய்வரையாவது நடவுங்கள். வழியில் எவரேனும் "சாமி, தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அழைத்தால் மறுக்காதீர்கள்.