பாய்மர உச்சியில் பிளேட்டோ

'மோபி டிக்' நாவலை மூன்று முறை ஆரம்பிச்சு, மூன்று முறையும் பாதியில் விட்டவன் நான். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் மெல்வில் அதை ஓரமா வெச்சுட்டு, திமிங்கிலத்தின் தலை, தோல், வால்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவார். நாலாவது முறை 135 அத்தியாயத்தையும் முடிச்சேன் என்றால் அதற்குக் காரணம் திமிங்கிலம் இல்லை, பிளேட்டோ.

அப்பா தவறின சமயம் அது. ஒரு நண்பர் பிளேட்டோவின் 'ஃபீடோ'வைப் படிக்கச் சொன்னார். கி.மு. 399, ஏதென்ஸ் சிறை, சாக்ரடீஸின் கடைசி நாள். சாயங்காலம் விஷம் குடிக்க வேண்டிய மனுஷன், நண்பர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு ஆன்மா அழியாது என்று பொறுமையாக வாதம் செய்கிறார். தத்துவம் படிப்பது என்பதே சாவதற்கான பயிற்சிதான் என்கிறார். எனக்கு ஆறுதலா இருந்தது. கொஞ்சம் ஜாஸ்தியாவே ஆறுதலா இருந்தது. ஆபீஸில் லெட்ஜர் முன்னால் உட்கார்ந்தும் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் ஒரு சைபரைக் கோட்டை விட்டேன். மூன்று பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைத் தேடினார்கள். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அடுத்த வாரம் மறுபடி மோபி டிக். 35வது அத்தியாயத்தில் தூக்கி வாரிப் போட்டது.

பாய்மர உச்சியில் காவல் நிற்பது பற்றிய அத்தியாயம் அது. கப்பல் தளத்திலிருந்து நூறு அடி உயரம். நிற்பதற்கு இரண்டு மெல்லிய கட்டைகள். ஆளுக்கு இரண்டு மணி நேரம். எங்கேயாவது திமிங்கிலம் நீர் பீய்ச்சுவது தெரிந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கதை சொல்லும் இஷ்மேல் இங்கே நான்டக்கெட் தீவின் கப்பல் முதலாளிகளுக்கு ஒரு எச்சரிக்கை விடுகிறான். பௌடிச்சுக்குப் பதிலாக ஃபீடோவை மண்டையில் ஏற்றிக்கொண்டு வருகிற பையன்களை வேலைக்கு வைக்காதீங்க, அவன் மேலே நின்று கனவு காண்பான், உங்களுக்கு ஒரு திமிங்கிலமும் கிடைக்காது என்கிறான். என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது :-)

பௌடிச் யார்? நாதனியேல் பௌடிச், அமெரிக்காவின் சேலம் ஊர்க்காரர் (நம்ம சேலம் இல்லீங்க). பழைய கப்பலோட்டக் கையேட்டின் கணக்குப் பிழைகளை எல்லாம் உட்கார்ந்து திருத்தி, 1802ல் புதுக் கையேடு வெளியிட்டவர். மாலுமிகளுக்கு அதுதான் வேதம். ஆக ஒரு பக்கம் ஆன்மா, இன்னொரு பக்கம் அட்டவணை. லெட்ஜர்காரனுக்கு இது புரியாமல் இருக்குமா?

இஷ்மேலுக்கு இந்த எச்சரிக்கை விட யோக்கியதை உண்டா என்றால், அவனே ஒரு கனவுக்காரன்தான். மெல்விலும் அப்படித்தான். 1841 ஜனவரியில், 21 வயதில், அகுஷ்நெட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர். அடுத்த வருஷமே மார்க்கேசஸ் தீவில் கப்பலை விட்டு ஓடிவிட்டார். 1849ல் லண்டன் போகும்போது ஜார்ஜ் அட்லர் என்ற ஜெர்மன் பேராசிரியரோடு கப்பல் தளத்தில் தத்துவம் பேசியே பொழுதைப் போக்கினார். இரண்டு வருஷம் கழித்து, 1851ல் மோபி டிக் வந்தது.

தேடினால் ஃபீடோ நாவல் முழுக்கக் கிடைக்கிறது. ஃபீடோவில் சாக்ரடீஸ் ஒரு உவமை சொல்வார்: கடலுக்கடியில் வாழ்கிற ஒருவன் தண்ணீர் வழியாகச் சூரியனைப் பார்த்து, கடல்தான் வானம் என்று நினைப்பான், நம்ம கதையும் அதுதான் என்று. 7வது அத்தியாயத்தில், கடலில் செத்தவர்களின் நினைவுக் கல்வெட்டுகளைப் பார்த்துக்கொண்டு மாதாகோவிலில் உட்கார்ந்திருக்கும் இஷ்மேல் கிட்டத்தட்ட இதையே நினைக்கிறான். அங்கே மனுஷனுக்குப் பதில் சிப்பி. 78வது அத்தியாயத்தில் டாஷ்டெகோ என்ற ஈட்டிக்காரன் செத்த திமிங்கிலத்தின் தலைக்குள் எண்ணெய் மொள்ளும்போது உள்ளேயே விழுந்துவிடுகிறான். குவீக்வெக் கடலில் குதித்து, தலையை வாளால் அறுத்து, பிரசவம் பார்ப்பது போல அவனை வெளியே இழுக்கிறான். அதை முடிக்கும்போது இஷ்மேல் சொல்வது: பிளேட்டோவின் தேன் தலைக்குள் விழுந்து இனிமையாகச் செத்தவர்கள் எத்தனை பேரோ!

நிற்க. அப்படியென்றால் மெல்வில் பிளேட்டோவுக்கு எதிரியா? முதலில் நானும் அப்படித்தான் நினைச்சேன். திரும்பப் போய் ஃபீடோவைப் படித்தபோதுதான் நான் வேகமாகத் தாண்டிப்போன ஒரு இடம் கண்ணில் பட்டது. சாவு அவ்வளவு நல்லது என்றால் ஏன் நாமே சாகக்கூடாது என்ற கேள்வி வருகிறது. கூடாது என்கிறார் சாக்ரடீஸ். நாம் ஒரு 'ஃப்ரூரா'வில் இருக்கிறோம், அதை விட்டு நாமாக ஓடக்கூடாது என்கிறார். அந்த கிரேக்கச் சொல்லுக்குச் சிறை என்றும் பொருள் உண்டு, காவல் பணி என்றும் பொருள் உண்டு. இரண்டில் எது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குக் காவல் பணிதான் சரியாகப் படுகிறது. பாய்மர உச்சியில் நிற்கும் பையன் ஃபீடோவைப் படித்தான், அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அவன் மட்டுமா? கி.மு. 46ல் ரோமானியன் கேட்டோ, சீசரிடம் தோற்ற பிறகு, தற்கொலை செய்துகொண்ட ராத்திரி ஃபீடோவை இரண்டு முறை படித்தான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மோபி டிக்கின் முதல் பக்கத்திலேயே கேட்டோ வருகிறான். அவன் வாள் மீது விழுந்தான், நான் பேசாமல் கப்பலேறிவிடுகிறேன் என்கிறான் இஷ்மேல். முதல் தடவை இதை நான் ஜோக் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

அடுத்தது கேப்டன் ஆகாப். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அட்டை முகமூடி, அதைக் குத்திக் கிழிக்க வேண்டும், வெள்ளைத் திமிங்கிலம்தான் என் சிறைச்சுவர் என்கிறான். கேட்டால் பிளேட்டோ மாதிரியே இருக்கும். ஆனால் பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் ஒரு கப்பலைக் காட்டுகிறார். நட்சத்திரம் பார்த்து வழி சொல்லத் தெரிந்தவனை வெட்டிப்பயல் என்று மற்ற மாலுமிகள் கேலி செய்கிற கப்பல். அவருக்கு உண்மையைத் தேடுவதும் வழி பார்ப்பதும் ஒரே வேலை. ஆகாபோ, சூரியனை அளந்து இடம் கண்டுபிடிக்கும் குவாட்ரண்ட் கருவியைத் தளத்தில் போட்டு மிதித்து உடைக்கிறான். வானம் பார்க்க மாட்டான், பௌடிச்சும் வேண்டாம். அவனுக்கு அவன் கோபம் மட்டும் போதும். அதற்கு விலை ஒரு கப்பல் ஆட்கள்.

கடைசியாக ஒன்று. 126வது அத்தியாயத்தில், விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு பாய்மர உச்சிக்குப் போன ஒருவன் நிஜமாகவே கடலில் விழுந்து சாகிறான். அவனுக்காக வீசின மிதவையும் முழுகிப் போகிறது. புது மிதவை வேண்டும். குவீக்வெக் தனக்காகச் செய்யச் சொல்லி வாங்கிவைத்த சவப்பெட்டி சும்மாதான் கிடக்கிறது. அதை அடைத்து, தார் பூசி மிதவையாக்குகிறார்கள். கப்பல் மூழ்கியபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் இஷ்மேல் பிழைத்தான்.

ஃபீடோவில் சிம்மியாஸ் என்ற இளைஞன் சொல்கிறான்: ஆன்மா பற்றி உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால், மனிதர்களின் வாதங்களில் இருப்பதிலேயே நல்லதைத் தெப்பமாகப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையைக் கடக்க வேண்டும். மெல்வில் அந்தத் தெப்பத்தைச் சவப்பெட்டியாகச் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் முதலில் வந்த பதிப்பில் இஷ்மேல் பிழைக்கிற அந்தக் கடைசிப் பகுதி விடுபட்டுப் போனது. எல்லாரும் செத்த பிறகு கதை சொல்வது யார் என்று விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். புத்தகம் விலை போகவில்லை. மெல்வில் 1866லிருந்து 19 வருஷம் நியூயார்க் சுங்கத்தில் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். அவரும் ஒரு காவல் பணி பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்கு இன்னும் தெரியாது. சாக்ரடீஸ் சொன்ன வாதங்களில் எல்லாமே ஒப்புக்கொள்ள முடிகிறது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மார்ச் மாதக் கணக்கை இப்போது இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறேன். ஃபீடோ மேஜை டிராயரில் இருக்கிறது. டீ குடிக்கும்போது மட்டும் எடுப்பேன்.