தஞ்சைக்கோன் முத்தரையர்: நான்கு தூண்களில் ஒரு வம்சாவளி

பொன்னியின் செல்வன் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று சோழர் வரிசையைக் கடகடவென ஒப்பித்து விடுவார்கள். சரி, விஜயாலயனுக்கு முன்னால் தஞ்சாவூர் யார் கையில் இருந்தது? இங்கேதான் பலரும் விழிப்பார்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கி.பி. 850 வாக்கில் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்து, அங்கே நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான். இதைச் சொல்பவை திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அவை ராஜேந்திர சோழன் காலத்தவை. அதாவது, சம்பவம் நடந்து 150 வருடங்களுக்கு மேல் கழித்து, வென்றவர் வீட்டில் எழுதப்பட்டவை! யாரிடமிருந்து பிடித்தான் என்று அதில் பெயர் இல்லை. தோற்றவர்களைத் தெரிந்துகொள்ள நாம் போகவேண்டிய இடம் வேறு.

அது திருக்காட்டுப்பள்ளி பக்கம் இருக்கும் செந்தலை. அங்குள்ள சிவன் கோயிலில் நான்கு கல்தூண்கள். அவை அந்தக் கோயிலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பக்கத்து ஊரான நியமத்தில் இருந்த பிடாரி கோயிலைச் சேர்ந்தவை. அந்தக் கோயில் அழிந்துவிட்டது, தூண்கள் மட்டும் தப்பின. அவற்றில் பாச்சில்வேள் நம்பன், ஆசாரியர் அநிருத்தர் முதலிய புலவர்கள் பாடிய தமிழ்ப் பாடல்களும், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் வெட்டப்பட்டிருக்கின்றன.

1. பெரும்பிடுகு முத்தரையன் என்கிற குவாவன் மாறன்
2. அவன் மகன், இளங்கோவதியரையன் என்கிற மாறன் பரமேசுவரன்
3. அவன் மகன், மீண்டும் பெரும்பிடுகு முத்தரையன் என்ற பட்டத்தோடு, சுவரன் மாறன்

பிடாரி கோயிலைக் கட்டியவன் இந்த மூன்றாமவன்தான். கொடும்பாளூர், மணலூர், காந்தளூர், அண்ணல்வாயில் என்று அவன் போரிட்ட களங்களைப் புலவர்கள் அடுக்குகிறார்கள். அவனுக்கு உள்ள பட்டங்களில் ஒன்று 'தஞ்சைக்கோன்'. நமது கேள்விக்கு விடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இவனைப் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தவனாக, 8ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள்.

இப்போது பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்னால் வருவது அப்பா பெயர், பின்னால் வருவது சொந்தப் பெயர். நமது இன்ஷியல் மாதிரிதான். குவாவன் மகன் மாறன், மாறன் மகன் பரமேசுவரன், பரமேசுவரன் மகன் மறுபடி மாறன். சுவரன் என்பது பரமேசுவரனின் சுருக்கமாகத்தான் இருக்கவேண்டும். தாத்தா பெயர் பேரனுக்கு வந்துவிட்டது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ அல்லவா!

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் இதே கதை. பிராங்க் நாட்டுப் பிரபுக்களின் வம்சாவளியை ஆராய்பவர்கள், ஒரு குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை வைத்தே உறவு கண்டுபிடிக்கிறார்கள். 866ல் போரில் இறந்த ராபர்ட்டின் வழியில் ராபர்ட், ஓடோ, ஹியூ என்ற பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். அந்த வழியில் வந்த ஹியூ கபே 987ல் பிரான்சின் அரசனானான். ஆனால் அந்த முதல் ராபர்ட்டின் அப்பா யார் என்பதற்கு இன்றும் பெயரை வைத்த ஊகம்தான் துணை.

இந்த முறையில் ஆபத்தும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் மலையடிப்பட்டியில் ஒரு குடைவரைக் கோயில். அதைக் குடைவித்தவன் விடேல்விடுகு முத்தரையன் என்கிற குவாவன் சாத்தன். காலம், தந்திவர்மப் பல்லவனின் 16ஆம் ஆட்சியாண்டு. குவாவன் மாறன், குவாவன் சாத்தன்... அண்ணன் தம்பியோ என்று தோன்றுகிறதா? ஆனால் தந்திவர்மன் இரண்டாம் நந்திவர்மனின் மகன். சாத்தன் மகன் காலத்தவன், மாறனோ தந்தை காலத்தவனுக்கே தாத்தா. இருவரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்திருக்க முடியாது. ஒரே குடும்பமாக இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதே மாவட்டத்து நார்த்தாமலையில் சாத்தன் பழியிலி என்பவன் ஒரு சிவன் குடைவரை அமைத்தான். அவன் விடேல்விடுகு முத்தரையனின் மகன் என்கிறது கல்வெட்டு. காலம் நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆண்டு. இங்கே பெயர், பட்டம், காலம் மூன்றும் பொருந்துவதால் அவனைக் குவாவன் சாத்தனின் மகன் என்று கொள்வது நியாயம். அந்தக் குடைவரைக்கு முன்மண்டபம் கட்டி, நந்தி வைத்தவள் பழியிலி சிறியநங்கை, அவன் மகள். செந்தலை வரிசையில் மூன்று ஆண்கள், ஒரு தாயின் பெயர்கூட இல்லை. நார்த்தாமலையில் ஒரு பெண் தானே கோயில் பணி செய்ததால் வம்சாவளிக்குள் வந்துவிட்டாள். வம்சாவளி என்பது பிறந்தவர்கள் எல்லோருடைய பட்டியலும் அல்ல, கல்லில் வெட்டக் காரணம் கிடைத்தவர்களின் பட்டியல்!

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இன்று முத்தரையரைத் தங்கள் முன்னோர் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சமூகத்தினர் சொல்கிறார்கள். பெருமைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் முத்தரையன், பெரும்பிடுகு, விடேல்விடுகு எல்லாம் பட்டங்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரத்த உறவைச் சொல்லிவிட முடியாது. கல் நமக்குத் தருவது இங்கே மூன்று தலைமுறை, அங்கே மூன்று தலைமுறை. இரண்டையும் இணைக்கவே கயிறு இல்லாதபோது, அங்கிருந்து 1200 வருடம் தாண்டி நம் வீட்டு வாசல் வரை கோடு போடுவது எப்படி?

அடுத்த முறை தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே செந்தலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த நான்கு தூண்களையும் அன்று யாராவது உடைத்துப் படிக்கட்டாகப் போட்டிருந்தால், தஞ்சையை ஆண்ட ஒரு குடும்பத்தின் இந்த மூன்று பெயர்கள்கூட நமக்குக் கிடைத்திருக்காது.