பாரசீகப் பட்டுக் கம்பளமும் ஏலூர்த் தறியும்

டயகமப் பள்ளத்தாக்கைக் காண வருவோர் பலரும், மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது தேயிலை என்று வியப்பர். அவர்கள் தோட்டத்தைக் கம்பளமாகக் காண்கின்றனர். பாரசீக நெசவாளரோ கம்பளத்தையே தோட்டமாக்கினர். மழை அருகிய அந்நாட்டில் நீரும் நிழலும் பெருஞ்செல்வம். ஆதலின் நான்காகப் பிரிந்தோடும் வாய்க்கால், அதில் நீந்தும் மீன், கரையில் மரம், மரத்தில் பறவை என்று நூலிலே நந்தவனம் அமைத்தனர். கிர்மான் நகரத்தில் நெய்த இத்தகைய கம்பளமொன்று 1632-ஆம் ஆண்டுக்குள் ஆம்பர் அரண்மனையை அடைந்தது; இன்று ஜயப்பூர் அருங்காட்சிச்சாலையில் இருக்கிறது.

வேறு சிலவற்றில் நடுவே பெரிய பதக்கமும், அதனைச் சூழ்ந்து கொடியும் மலரும் விளங்கும். பட்டிழை கம்பளி இழையினும் மெல்லியது. ஓர் அங்குலத்தில் மிகுதியான முடிச்சுகளை இடலாம். கொடியின் வளைவு சிதையாது வரும். பட்டுக் கம்பளத்துக்குக் காஷான் நகரம் பேர்பெற்றது இதனாலேயே. 1601-ல் போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்டு அந்நகருக்கு ஆளனுப்பிக் கம்பளங்கள் செய்வித்தார். பின்னர் நேர்ந்தது ஒரு வேடிக்கை. 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் போலந்துப் பிரபுக் குடும்பம் ஒன்று வைத்த பட்டுக் கம்பளங்களைக் கண்டோர், அவை போலந்திலேயே நெய்தவை என்று மயங்கினர். 'போலந்துக் கம்பளம்' என்னும் பெயர் இன்றும் நீங்கவில்லை. வாங்கியவர் நாடு நின்றது; நெய்தவர் நாடு மறைந்தது.

இக்கலை தென்னாட்டுக்கும் வந்தது. கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் மசூலிப்பட்டினம் பாரசீக வணிகர் நிறைந்த துறைமுகம். அதனையடுத்த ஏலூரில் பாரசீக மரபினரான முஸ்லிம் நெசவாளர் தறி நாட்டினர். தமிழகத்தில் வாலாஜாபேட்டையிலும், தஞ்சைக்கு அருகே ஐயம்பேட்டையிலும் கம்பளம் நெய்தனர். ஏலூரின் பழைய வடிவங்கள் 'ஹாஷிம்கானி', 'ராமச்சந்திரகானி' என ஆட்பெயர் தாங்கியவை. அவை நெய்வித்தோர் பெயர்கள் என்று கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரைவும் மலிவுமே வேண்டிய வெளிநாட்டு வணிகமும், சிறைச்சாலைத் தறிகளின் போட்டியும் இத்தொழிலை நலிவித்தன. மசூலிப்பட்டினக் கம்பளங்களின் தரம் கெட்டதை ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-ல் வெளியிட்ட நூலில் மனம் வெதும்பி எழுதினார். இரசாயனச் சாயமும் வந்து சேர, பழைய நிறங்களின் அமைதி குலைந்தது.

ஆயினும் ஒரு கம்பளத்தில் பெயர் உண்டு. அர்தபில் கம்பளம் எனப்படும் அதன் பாவும் ஊடும் பட்டு, முடிச்சுகள் கம்பளி. நீளம் ஏறத்தாழ 10.5 மீட்டர், முடிச்சுகள் இரண்டரைக் கோடிக்கும் மேல். அதன் ஒரு முனையில் காஷானைச் சேர்ந்த மக்சூத் என்ற பெயரும், ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன. மக்சூத் பெரும்பாலும் பணியை நடத்திய தலைவராகவே கருதப்படுகிறார். பல்லாண்டு தறிமுன் அமர்ந்து முடிச்சிட்டவர்களின் பெயர் அதில் இல்லை. பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் ஏறும், கொழுந்து பறித்தவள் பெயர் ஏறாது என்பதை அறிந்த டயகம மக்களுக்கு இது புதுமையன்று.

1893-ல் லண்டன் அருங்காட்சிச்சாலை அதனை 2000 பவுனுக்கு வாங்கிற்று. அதன் கிழிசலைச் செப்பனிட, இணையாக நெய்த மற்றொரு கம்பளத்தை வெட்டியிருந்தனர். கரைகளை இழந்த அந்த இரண்டாவது கம்பளம் இப்போது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இருக்கிறது. அதிலும் மக்சூதின் பெயர் அழியாதிருக்கிறது.