செக்கு

தொட்டியம் கிளையில் வாழை விவசாயி ஒருவர் 'செக்கு மாத்தணும்' என்றார். எண்ணெய்ச் செக்கு ஞாபகம் வந்து சிரித்தேன். 'செக்' என்று திருத்தவும் செய்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்த திமிர். அதற்குப்பின் அவர் வாய் திறக்கவில்லை. தாளை நீட்டினார், பணத்தை எண்ணினார், போனார்.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. உகரம் வந்து சேர்ந்துகொள்ளும். வடசொல்கூடத் தன் எழுத்தைக் களைந்துவிட்டே தமிழுக்குள் வரவேண்டும் என்றது தொல்காப்பியம். அந்த இலக்கணம் அவர் நாக்கில் இருந்தது. என் பட்டத்தில் இல்லை.

ஆங்கிலேயர் நாக்கும் இதையேதான் செய்தது. திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினாப்பொலி' ஆயிற்று, வரைபடத்தில் ஏறியது, 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் சுருட்டுப் பெயராகவும் வந்தது.

ஆள்பவன் திரித்தால் பெயர். ஆளப்படுபவன் திரித்தால் பிழை. அன்று கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான்.