பதினான்காம் பல் எது?

ஆறு வயதுவாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால்பல் என்றே நினைத்து, விழப்போவதுதானே என்று விட்டுவிடும் பெற்றோர் உண்டு. அது நிரந்தரப் பல். கீழ்த்தாடையில் இடப்பக்கம் இருக்கும் அந்தப் பல்லைச் சென்னைப் பல் மருத்துவர் சீட்டில் 36 என்று எழுதுவார். சிகாகோக்காரர் 19 என்பார்.

சென்னைச் சீட்டில் இருப்பது எஃப்.டி.ஐ. முறை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. வாயை நான்கு பகுதிகளாக்கி, மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4 என்று வைக்கிறது. வலம் இடம் எல்லாம் நோயாளியுடையவை, பார்ப்பவருடையவை அல்ல. ஒவ்வொரு பகுதியிலும் நடு முன்பல்லில் 1 தொடங்கி ஞானப்பல்லில் 8இல் முடியும். ஆக 36 முப்பத்தாறு அல்ல, மூன்று-ஆறு. தெருவும் கதவு எண்ணும் போல, முதல் இலக்கம் இடத்தையும் இரண்டாவது இலக்கம் பல்லையும் காட்டும். 3இல் முடிந்தால் கோரைப்பல், 6இல் முடிந்தால் அந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல்.

அமெரிக்க முறையின் மூலக் கருத்து ஜூலியஸ் பாரைட் என்ற ஜெர்மானியருடையது, 1882. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1968இல் ஏற்றது. மேல் வல ஞானப்பல் 1; அங்கிருந்து வரிசையாகப் போய் மேல் இட ஞானப்பல் 16; கீழே இறங்கி 17; திரும்பி வந்து கீழ் வலத்தில் 32. ஞானப்பல் முளைக்காவிட்டாலும் அதன் எண் காலியாகவே இருக்கும். கண்ணில் படும் முதல் பல்லிலிருந்து எண்ணினால் கணக்கு தவறும். இதிலும் ஒரு அழகு உண்டு: மேல் பல்லின் எண்ணையும் அதே பக்கத்துக் கீழ் ஜோடியின் எண்ணையும் கூட்டினால் எப்போதும் 33. ஆனால் 19 என்ற எண்ணைப் பார்த்து அது எந்தப் பல் என்று சொல்ல, மனப்பாடம் வேண்டும்.

வசதிக் குறைவோடு போனால் பரவாயில்லை. 11 முதல் 18, 21 முதல் 28, அப்புறம் 31, 32 என்று 18 எண்கள் இரு முறைகளிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இரண்டிலும் ஒரே பல்லைக் குறிப்பதில்லை.

கிளிப் போடுவதற்கு முன், இடம் போதாவிட்டால் நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுக்கச் சொல்வது வழக்கம். நம்மூர்ச் சீட்டில் 14, 24, 34, 44 என்று இருக்கும். இதை அமெரிக்கக் கண்ணோடு படித்தால் 34, 44 என்ற பற்களே கிடையாது. படிப்பவர் உடனே சுதாரித்துக்கொள்வார். மேல்தாடையில் மட்டும் எடுக்க வேண்டியிருந்து, 14, 24 என்று மட்டும் எழுதியிருந்தால்தான் வம்பு. அங்கே 14 என்பது மேல் இட ஆறு வயதுக் கடைவாய்ப்பல். 24 கீழ் இட நடு முன்பல். மெல்லுவதற்கு ஒன்று, சிரிப்பதற்கு ஒன்று. அதேபோல் நம் 18 மேல் வல ஞானப்பல். அவர்களுடைய 18 கீழ் இடத்து இரண்டாம் கடைவாய்ப்பல், வேலை செய்கிற பல்.

பால்பல்லில் குழப்பம் குறைவு. நாம் 51 முதல் 85 வரை எண்ணிடுகிறோம். அவர்கள் ஏயில் தொடங்கி இருபது ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கூடுதலாக முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு, பக்கத்துப் பல்லின் எண்ணோடு 50ஐக் கூட்டுவது அமெரிக்க வழக்கம். அங்கே 51 என்றால் மேல் வல ஞானப்பல்லருகே தோன்றிய உபரிப் பல். இங்கே குழந்தையின் முன்பல்.

எனக்கு எஃப்.டி.ஐ. முறைதான் தெளிவு. எண்ணிலேயே இடமும் வகையும் இருக்கின்றன. அமெரிக்காவில் காப்பீட்டுப் படிவங்களும் பழைய பதிவேடுகளும் 1 முதல் 32 வரையிலான எண்களில் ஊறிக் கிடப்பதால், அவர்கள் மாறுவதும் சுலபமில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்து ரூட் கெனால் தொடங்கிவிட்டு, அமெரிக்கா திரும்பி கேப் போட்டுக்கொள்கிறவர், எக்ஸ்ரேயோடு ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதில் எண்ணோடு, ‘கீழ்த்தாடை, இடம், முதல் கடைவாய்ப்பல்’ என்று முழுதாக எழுதியிருக்க வேண்டும்.