பழைய மானிட்டர்களும் சிறிய கணினியும்: ஓர் இணைப்பின் வரலாறு

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, மானிட்டரை இணைக்க இரண்டு வகைக் கார்டுகளை விற்றது. எழுத்து மட்டும் காட்டும் ஒற்றை நிற எம்டிஏ ஒன்று, நிறமும் படமும் காட்டும் சிஜிஏ மற்றொன்று. இரண்டிலும் இருந்தது ஒரே வடிவ 9 பின் சாக்கெட்தான். ஆனால் அதன் வழியாகப் போன சிக்னல் வேறு. எம்டிஏ விநாடிக்கு ஏறத்தாழ 18,400 கிடைக்கோடுகளை வரைந்தது. சிஜிஏ ஏறத்தாழ 15,700 கோடுகளை வரைந்தது. ஒற்றை நிற மானிட்டரின் கேபிள் சிஜிஏ கார்டில் எந்தத் தடையுமின்றிப் பொருந்தும், ஆனால் தவறான வேகத்தில் வரும் துடிப்பால் மானிட்டரே பழுதாகக்கூடும். சாக்கெட்டில் பொருந்துவது வேறு, படம் வருவது வேறு என்ற இந்தச் சிக்கல் ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டர் பிறந்த நாளிலேயே அதனுடன் பிறந்தது. பழைய மானிட்டர்களைப் புதிய பெட்டியில் இணைக்க முயல்பவர்கள் இன்றும் சந்திப்பது இதைத்தான்.

ஒரு கணினியில் இரண்டு மானிட்டர் வைக்கவும் அதே இயந்திரத்தில் வழி இருந்தது. எம்டிஏயும் சிஜிஏயும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளைப் பயன்படுத்தியதால், ஒரே பெட்டிக்குள் இரண்டு கார்டும் மோதாமல் இருந்தன. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் கணக்கு அட்டவணையை ஒற்றை நிறத் திரையிலும் அதன் வரைபடத்தை நிறத் திரையிலும் காட்ட முடிந்தது. ஆட்டோகேட் பயன்படுத்திய பொறியாளர்கள் கட்டளைகளை ஒரு திரையில் படித்துக்கொண்டு மற்றொன்றில் வரைந்தார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இது பெரும் வசதி: நிரல் ஒரு திரையில் ஓடும், அதன் உள்நிலையை ஆராயும் கருவி மற்றத் திரையில் இருக்கும்.

நிறங்களை அதிகரிக்க வேண்டும் என்ற தேவைதான் அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. சிஜிஏ கேபிளில் நிறத்துக்கு 4 கம்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள். ஆக மொத்தம் 16 நிறங்கள். 1984-இல் வந்த இஜிஏ 6 கம்பிகளால் 64 நிறங்களைத் தந்தது. இந்த வழியில் லட்சக்கணக்கான நிறங்களை எட்ட வேண்டுமென்றால் கேபிள் பருத்துக்கொண்டே போகும். 1987 ஏப்ரலில் பிஎஸ்/2 கணினிகளுடன் வந்த விஜிஏ இந்தக் கணக்கையே மாற்றியது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே கம்பிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை எந்த அளவும் போகலாம். கார்டிலிருந்த சிப் நிறத்துக்கு 64 அளவுகளை உருவாக்கியது. மூன்றையும் பெருக்கினால் 2,62,144 நிறங்கள். அதாவது டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்குப் போனது அன்று பின்வாங்கல் அல்ல, உண்மையான முன்னேற்றம்.

விஜிஏயின் 15 பின் சாக்கெட் இவ்வளவு காலம் நிலைத்ததற்கும் இதுவே காரணம். தொடங்கியபோது 640×480 புள்ளிகள். அதே கேபிளில் பின்னாளில் 1024×768, 1280×1024, 1600×1200 என்று சிக்னல் போனது. சாக்கெட்டின் வடிவம் மாறவில்லை; கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின் வேகம் மட்டும் கூடியது. 1980களின் பிற்பகுதியில் பல நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த வெசா என்ற தர அமைப்பு, ஐபிஎம்மின் தனிச்சொத்தாகத் தொடங்கியதைப் பொதுத் தரமாக வளர்த்தது. 1994-இல் அது சேர்த்த ஒரு வசதி சிறியது, ஆனால் இன்றளவும் முக்கியமானது. மானிட்டர் தன்னைப் பற்றி 128 பைட் அளவில் ஒரு குறிப்பை வைத்திருக்கும். அதே கேபிளின் வேறு பின்கள் வழியே கணினி அதைப் படித்துக்கொள்ளும். தயாரித்தவர் யார், எத்தனை புள்ளிகள், எந்த வேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தக் குறிப்பு கணினிக்கு எட்டாதபோது பழைய மானிட்டர்களில் படம் நீண்டோ மங்கியோ தெரியலாம். அந்தப் பின்களை விட்டுவிட்டுத் தயாரித்த மலிவான கேபிள்களும் உண்டு. அப்போது குற்றம் மானிட்டரிடம் இல்லை.

கண்ணாடிக் குழாய் மானிட்டர் போய்த் தட்டையான எல்சிடி வந்தபோது அனலாக்கின் பலவீனம் வெளிப்பட்டது. குழாயில் புள்ளி என்று நிலையான ஒன்று கிடையாது. எல்சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் தன் இடம் உண்டு. கணினிக்குள் டிஜிட்டலாக இருந்த படம் கார்டில் அனலாக் ஆனது. கேபிளைக் கடந்து மானிட்டருக்குள் மறுபடியும் டிஜிட்டல் ஆனது. ஒரு புள்ளி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் ஊகித்தாக வேண்டும். ஊகம் சற்றுத் தவறினால் எழுத்தின் ஓரங்கள் மங்கும், மெல்லிய செங்குத்துக் கோடுகள் நடுங்கும். 17 அங்குல எல்சிடி மானிட்டர்களின் முகப்பில் ‘ஆட்டோ’ என்றொரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான். அதை அழுத்தினால் மானிட்டர் அந்த ஊகத்தைப் புதிதாகச் செய்து பார்க்கும்.

1999-இல் வந்த டிவிஐ இந்த இரட்டை மாற்றத்தை ஒழித்தது. இன்டெல், காம்பேக், ஐபிஎம், எச்பி, ஃபுஜிட்சு, என்இசி, சிலிக்கான் இமேஜ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய தரம் இது. அதன் மிக நல்ல அம்சம் பழையதை மறக்காததே. டிவிஐ-ஐ என்ற வகைச் சாக்கெட்டில் 24 டிஜிட்டல் பின்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான பின் இருக்கும். அதன் மேலும் கீழும் நான்கு சிறு பின்கள். விஜிஏ சிக்னல் அப்படியே அவற்றில் வரும். சிப் எதுவும் இல்லாத மலிவான அடாப்டர் ஒன்றைச் செருகினாலே பழைய மானிட்டர் வேலை செய்தது. டிவிஐ-டி என்ற வகையில் அந்த நான்கு பின்கள் கிடையாது; அடாப்டர் அதில் நுழையவே நுழையாது. 1981-இன் 9 பின் சாக்கெட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய திருத்தம்: வேலை செய்யாதது பொருந்தவும் செய்யாது.

இதே காலத்தில் பல மானிட்டர் வைப்பதும் பரவத் தொடங்கியது. 1987-இன் மேக்கின்டாஷ் 2 பல கார்டுகளைச் செருகி ஒரே மேசைப்பரப்பைப் பல திரைகளில் விரிக்க வழி செய்திருந்தது. விண்டோஸ் 98 ஒன்பது மானிட்டர்கள் வரை அனுமதித்தது. ஆனால் மானிட்டருக்கு ஒரு கார்டு என்பதே பொது விதி. 1999-இல் கனடாவின் மேட்ராக்ஸ் நிறுவனம் ஜி400 என்ற ஒரே கார்டில் இரண்டு மானிட்டர்களை இணைத்து அந்த விதியைத் தளர்த்தியது.

2002 டிசம்பரில் தரமாக வெளியான எச்டிஎம்ஐ முதன்மையாகத் தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி, பானாசோனிக், தாம்சன், சிலிக்கான் இமேஜ் ஆகியவை அதன் நிறுவனர்கள். உள்ளே ஓடும் சிக்னல் டிவிஐயின் டிஜிட்டல் சிக்னல்தான். ஒலியும் அதனுடன் சேர்ந்து வந்தது. ஆகவே எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு வெறும் கேபிள் போதும். ஆனால் அனலாக் பின்கள் எச்டிஎம்ஐயில் இல்லை. வெசா 2006-இல் வெளியிட்ட டிஸ்ப்ளேபோர்ட்டும் இதே போக்கில் போனது. தேவைப்படும்போது எச்டிஎம்ஐ, டிவிஐ சிக்னலை அனுப்பும் ஏற்பாடு பெரும்பாலான டிஸ்ப்ளேபோர்ட் சாக்கெட்டுகளில் உண்டு. விஜிஏ சிக்னல் கிடையாது. ஒவ்வொரு தரமும் தனக்கு முந்தைய தலைமுறைக்கு மட்டும் பாலம் கட்டியது. இரண்டு தலைமுறை தாண்டினால் பாலம் இல்லை. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும் எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டரின் சிறு தலைக்குள் இருப்பது அந்தச் சிப்தான். எச்டிஎம்ஐ சாக்கெட்டின் ஒரு பின்னில் வரும் 5 வோல்ட் மின்சாரத்தில் அது இயங்குகிறது. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்ற ஒரே திசையில்தான் அது வேலை செய்யும்.

டிஸ்ப்ளேபோர்ட் கொண்டுவந்த உண்மையான மாற்றம் சாக்கெட்டில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றிலும் புள்ளிகள் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் போக வேண்டும். மானிட்டருக்கு மானிட்டர் அந்தத் தாளம் வேறு. 1280×1024 மானிட்டர் விநாடிக்கு 60 படம் காட்ட 108 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், 1920×1080-க்கு 148.5, 1600×1200-க்கு 162. எனவே வெவ்வேறு வகை மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் சிப்புக்குள் தனியாக ஒரு கடிகாரச் சுற்று தேவை. டிஸ்ப்ளேபோர்ட் அப்படியல்ல. படத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, எந்த மானிட்டராக இருந்தாலும் வகுக்கப்பட்ட சில வேகங்களில் ஒன்றிலேயே அனுப்புகிறது. ஒரே கடிகாரத்தைப் பல மானிட்டர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

இதன் விளைவு 2009-இல் பலருக்குப் புரியாத புதிராக வந்தது. ஏஎம்டி நிறுவனம் ஐஃபினிட்டி என்ற பெயரில் ஒரு கார்டில் மூன்று முதல் ஆறு மானிட்டர்களை இணைக்கலாம் என்று அறிவித்தது. ஆனால் டிவிஐ, எச்டிஎம்ஐ வகைக்கான கடிகாரங்கள் அந்தச் சிப்பில் இரண்டே. மூன்று பழைய டிவிஐ மானிட்டர்களை வைத்திருந்தவர் டிஸ்ப்ளேபோர்ட்டில் சாதாரண அடாப்டரைப் போட்டு மூன்றாவதை இணைத்தால், அந்தத் திரை விழிக்காது. அடாப்டரும் நல்லது, மானிட்டரும் நல்லது. இல்லாமல் போனது மூன்றாவது கடிகாரம். தனக்குள்ளேயே கடிகாரமும் சிப்பும் கொண்ட ‘ஆக்டிவ்’ அடாப்டரைப் போட்டதும் திரை எழுந்தது. 2012-இல் மூன்று மானிட்டர்களைத் தாங்கும் இன்டெல் ஐவி பிரிட்ஜ் பிராசஸர் வந்தபோதும் இதே கட்டுப்பாடு தொடர்ந்தது.

இந்தக் கட்டத்தில்தான் பெட்டி சுருங்கியது. ஆப்பிளின் மேக் மினி 2005 ஜனவரியில் ஆறரை அங்குலச் சதுரத்தில் வந்தது. அதில் ஒரு டிவிஐ சாக்கெட் இருந்தது. இன்டெல் என்யூசி ஏறத்தாழ நான்கு அங்குலச் சதுரப் பலகையில் ஒரு முழுக் கணினியை அடக்கியது; அதன் முதல் மாதிரி ஒன்றில் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தன. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ இருந்தன. இவற்றில் கார்டு செருக இடமில்லை. பெரிய கேபினட்டில் மானிட்டர் கூடினால் கார்டைக் கூட்டலாம். இங்கே எத்தனை மானிட்டர் என்பது பிராசஸர் வடிவமைக்கப்பட்டபோதே முடிவாகிவிட்டது. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக் மினியின் எல்லை இரண்டு மானிட்டர்கள். அதன் பின்புறம் மானிட்டரை இணைக்கக்கூடிய மூன்று சாக்கெட்டுகள் இருந்தாலும் எண்ணிக்கை மாறாது. சிறிய கணினி வாங்குபவர் பின்பக்கச் சாக்கெட்டுகளை எண்ணுவதைவிட, பிராசஸரின் விவரக்குறிப்பில் எத்தனை டிஸ்ப்ளே என்று பார்ப்பதே சரியான தொடக்கம்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை விஜிஏவைப் படிப்படியாகக் கைவிடுவதாகக் கூட்டாக அறிவித்தன. 2015-ஐ இன்டெல்லும் ஏஎம்டியும் இலக்காக வைத்தன. அந்த ஆண்டு வந்த ஸ்கைலேக் பிராசஸரில் நேரடி விஜிஏ இல்லை. இருந்தும் அலுவலகங்களுக்கான பல கணினிகளில் நீல நிற விஜிஏ சாக்கெட் தொடர்ந்தது. பழைய மானிட்டர்களையும் புரொஜெக்டர்களையும் தூக்கிப் போட நிறுவனங்கள் தயாராக இல்லை. அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால், மதர்போர்டிலேயே, டிஸ்ப்ளேபோர்ட்டை விஜிஏவாக்கும் சிப் ஒன்று உட்கார்ந்திருந்தது.

சாக்கெட் குறைவான பெட்டிகளுக்கு இரண்டு வழிகள் உருவாயின. 2010-இல் வெளியான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 ஒரே கேபிளைப் பல மானிட்டர்களுக்குப் பிரிக்க அனுமதித்தது. அதன் கொள்ளளவு விநாடிக்கு 17.28 ஜிகாபிட், ஒரு 1920×1080 மானிட்டருக்குச் சுமார் 3.3 போதும். பழைய மானிட்டர்களின் புள்ளிகள் குறைவு என்பது இங்கே அனுகூலமாகிறது: ஒரு ஹப்பில் மூன்றை எளிதாகத் தாங்கலாம். விண்டோஸ் இதை ஏற்கிறது. மேக் இயங்குதளம் இப்படிப் பிரித்துத் தனித்தனிப் படம் காட்டுவதை ஏற்கவில்லை. கேம்பிரிட்ஜில் தொடங்கிய டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தின் வழி வேறு. அது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்பி, வெளியே உள்ள சிப்பில் விரிக்கிறது. பிராசஸரின் மானிட்டர் எல்லை அதைக் கட்டுப்படுத்தாது. எழுத்துக்கும் அட்டவணைக்கும் நன்று. வேகமான விளையாட்டுக்கு ஏற்றதல்ல. 2014-இல் வந்த யுஎஸ்பி-சி சாக்கெட்டிலும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அனுப்பலாம் என்று அதே ஆண்டு வெசா வகுத்தது. ஆனால் எல்லா யுஎஸ்பி-சியும் அதைச் செய்வதில்லை. வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

இணைக்க மிகக் கடினமான பழைய மானிட்டர் எது என்று கேட்டால் விஜிஏ என்பதே பலரின் பதிலாக இருக்கும், அது சரியல்ல. விஜிஏக்குக் கன்வெர்ட்டர் ஏராளம், விலையும் குறைவு. ஒதுங்கிப்போனவை 2004 முதல் வந்த 30 அங்குலப் பெரிய மானிட்டர்களே. அவற்றின் 2560×1600 புள்ளிகளுக்கு டிவிஐயின் இரண்டு இணைப்புத் தடங்களும் வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிளில் ஒரு தடம்தான் உண்டு. அந்தக் கேபிளில் இணைத்தால் ஆப்பிளின் 30 அங்குலத் திரை 1280×800 மட்டுமே காட்டும். முழுப் படம் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைந்து, யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் விலையுயர்ந்த ஆக்டிவ் அடாப்டர் ஒன்று தேவை.