48 கையொப்பங்கள்

மடலின் தேதி 1937 ஜூலை 1. எழுதியவர் ஸ்பெயினின் டொலேடோ பேராயர் கர்தினால் கோமா. அடியில் 43 ஆயர்களும் 5 மறைமாவட்டப் பொறுப்பாளர்களும் கையொப்பமிட்டிருந்தார்கள். உலகெங்குமுள்ள ஆயர்களுக்கு அனுப்பப்பட்ட அந்த மடலை எழுதித் தரும்படி மே மாதமே கேட்டவர், குடியரசுக்கு எதிராகக் கலகம் செய்த தளபதி பிராங்கோ.

மடலில் இருந்த துயரம் பொய்யில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசின் பகுதியில் குருக்களும் துறவியருமாக ஏறத்தாழ 6,800 பேர் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லி அழ ஆயர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மடல் அதோடு நிற்கவில்லை. பிராங்கோவின் கலகத்தையே மக்கள் ஆயுதமேந்தி அளித்த தீர்ப்பு என்று சொன்னது.

மடலுக்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 26, பாஸ்க் நாட்டுக் குவெர்னிகாவில் சந்தை நாள். பிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மனியின் காண்டோர் படை விமானங்கள் ஊரை எரித்தன. லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் ஜார்ஜ் ஸ்டீர் அன்றிரவே அங்கே போனார். ஜெர்மன் கழுகு முத்திரை பதித்த மூன்று குண்டு உறைகளைப் பற்றி எழுதினார். கண்ணால் கண்ட இன்னொருவர் அல்பெர்டோ ஒனைந்தியா, கத்தோலிக்கக் குரு. அவர் பாரிஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பின்வாங்கிய குடியரசுத் தரப்புச் ‘சிவப்பர்கள்’தான் கொளுத்தினார்கள் என்றது பிராங்கோ தரப்பு. கத்தோலிக்கப் பத்திரிகைகள் பலவும் அதையே அச்சிட்டன. சொந்தச் சபையின் குருவை விட்டுவிட்டு ராணுவத்தின் அறிக்கையை நம்பியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அந்தப் பத்திரிகைகளுக்கு ஆகஸ்டில் இந்த மடல் போய்ச் சேர்ந்தது. பிராங்கோவை ஆதரித்த புரூக்ளின் ‘டேப்ளட்’ போன்றவற்றுக்கு அது பெரிய பலம். பிரான்சில் கத்தோலிக்கத் தத்துவவாதி மாரித்தேனும் எழுத்தாளர் மோரியாக்கும், பிராங்கோ நடத்துவது ‘புனிதப் போர்’ என்ற பேச்சையே மறுத்தார்கள். அமெரிக்காவின் கத்தோலிக்க இதழ் ‘காமன்வீல்’ 1938 ஜூனில் நடுநிலை என்று அறிவித்து, சந்தாதாரர்களை இழந்தது.

தர்ரகோனா பேராயர் கர்தினால் விதால் இ பராக்கெர் கையொப்பமிடவில்லை. அவருடைய துணை ஆயரை 1936 ஆகஸ்டில் குடியரசுப் பகுதியில்தான் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பழி சொல்ல அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? ஆனாலும், மடல் பிரச்சாரமாகிவிடும், எஞ்சியிருக்கும் குருக்களின் உயிருக்கும் உலை வைக்கும் என்று அஞ்சினார். வெளிநாட்டில் இருந்த அவரை பிராங்கோ நாடு திரும்ப விடவில்லை. 1943இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார்.

1971இல் மாட்ரிட்டில் ஆயர்களும் குருக்களும் கூடினார்கள். போரின்போது சமாதானம் செய்துவைக்கத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. பெரும்பான்மை கிடைத்தது, தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.